மாமனார், மாமியாரோடு மலேசியாவுக்குச் சாலைப் பயணம்: ஐந்து நாளில் எவ்வளவு முடியும்?

கேள்வி: செங்காங்கில் வசிக்கிறோம். நான், கணவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூன் விடுமுறையில் தஞ்சாவூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். எங்கள் ஏழு இருக்கை காரிலேயே அவர்களையும் அழைத்துக்கொண்டு மலாக்கா, பத்துமலை, கேமரன் மலை, பினாங்கு எல்லாம் பார்த்துவர 5 நாள், 4 இரவு ஒதுக்கியிருக்கிறோம். சனிக்கிழமை காலை புறப்பட எண்ணம். மாமாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். மாமிக்கு முழங்கால் வலி. மலைப்பாதை என்றால் வாந்தியும் வந்துவிடும். கணவர்தான் ஓட்டுவார். எனக்கும் உரிமம் இருக்கிறது, ஆனால் மலேசியாவில் ஓட்டியதில்லை. கணவரும் பிள்ளைகளும் சிங்கப்பூரர்கள், நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. இந்தத் திட்டம் சரிவருமா?
செங்காங் வாசகி

பதில்: பினாங்கை எடுத்துவிட்டால் சரிவரும். சனிக்கிழமையையும் மாற்றுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நடுவில் கேமரன் மலை ஏறி இறங்கி, திரும்பியும் வரவேண்டும் என்றால் மொத்தம் 1,500 கிலோமீட்டரைத் தாண்டும். ஐந்தால் வகுத்து, நாளுக்கு 300 தானே என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். அந்தக் கணக்கில் சோதனைச்சாவடி வரிசை இல்லை, மலைச்சாலையில் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வது இல்லை, மாமாவின் சாப்பாட்டு நேரமும் இல்லை. பினாங்குக்கு அடுத்த முறை விமானத்தில் போய் மூன்று நாள் நிதானமாகத் தங்கலாம். இந்த முறை பத்துமலை, கேமரன், மலாக்கா மூன்றும் போதும்.

வழித்தடத்தை விட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. மாமா, மாமியின் சிங்கப்பூர் விசாவை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால், ஜோகூருக்குள் போய்விட்டு அதே விசாவில் திரும்பி வர முடியாது. பலமுறை நுழையும் விசாதானா, பயணம் முடியும் நாள்வரை அது செல்லுமா என்று விசாத் தாளிலேயே போட்டிருக்கும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், மலேசியா போய்வரும் எண்ணத்தை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கவனிக்காமல் ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் மறுநுழைவு அனுமதியின் காலாவதித் தேதியையும் கூடவே பாருங்கள். எல்லாருடைய கடப்பிதழும் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

மலேசியா போக உங்கள் மூவருக்கும் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா விலக்கு 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மூவரும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பவேண்டும். நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மட்டுமே அதைச் சமர்ப்பிக்க முடியும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையப்பக்கம் எதுவானாலும் போலிதான், மூடிவிடுங்கள். சிங்கப்பூரர்களுக்கு இந்த அட்டை வேண்டாம் என்பதால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வேலை இல்லை. திரும்பி வரும்போது நிலைமை வேறு. தரைவழியாக வரும் சிங்கப்பூர்வாசிகளுக்கு எஸ்ஜி வருகை அட்டை தேவையில்லை, ஆனால் மாமாவும் மாமியும் வருகையாளர்கள். சாங்கியில் இறங்கியபோது நிரப்பியது முடிந்த கதை. துவாஸ் சோதனைச்சாவடி வழியாகத் திரும்பி நுழைய இருவருக்கும் புதிதாக நிரப்பவேண்டும். மலாக்காவில் தங்கும் இரவு கைத்தொலைபேசியில் அதை முடித்துவிடலாம்.

காருக்கும் கடப்பிதழ்போல ஒன்று உண்டு: விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1 முதல், அது இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். பதிவு செய்து, வில்லை கைக்கு வந்து, கண்ணாடியில் ஒட்டி, செயல்படுத்தும்வரை நாள் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் தனி. டச் அண்ட் கோ அட்டையில் 200 ரிங்கிட்டாவது ஏற்றி வையுங்கள். நீங்கள் போகும் தூரத்துக்குச் சுங்கச்சாவடிகளிலேயே பெரும்பகுதி போய்விடும். மலேசியாவில் பழைய போக்குவரத்து சம்மன் ஏதும் நிலுவையில் இருந்தால் போவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.

கார் காப்புறுதி நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மேற்கு மலேசியாவில் வண்டி நின்றுபோனால் சிங்கப்பூர்வரை இழுத்துவரும் செலவு சேர்ந்திருக்கிறதா? நீங்கள் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் நாம் கைப்பணமாகக் கட்டவேண்டிய தொகை எவ்வளவு? பெயர் குறிப்பிடாத ஓட்டுநர் என்றால் அந்தத் தொகை கூடும். மாமா, மாமிக்கு இந்தியாவில் எடுத்த பயணக் காப்புறுதியும் சிங்கப்பூருக்கு மட்டும்தானா, மலேசியாவும் அதில் அடங்குமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குச் செல்லுமா என்று பாருங்கள்.

இனி கிழமை. பள்ளி விடுமுறையின் சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம்வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே எச்சரிப்பது வழக்கம். கடற்பாலத்தின் நடுவே மாட்டிக்கொண்டால் கழிப்பறை கிடையாது; சர்க்கரை நோயாளிக்கு அது சின்னத் தொல்லை இல்லை. திங்கட்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை மதியம் திரும்புங்கள். கணவர் ஐந்து நாள் விடுப்பு எடுக்கவேண்டியிருக்கும், ஆனால் மலைமேல் வார இறுதிக் கூட்டமும் இருக்காது. திங்கள் அதிகாலையில் நெரிசல் பெரும்பாலும் சிங்கப்பூருக்குள் வேலைக்கு வரும் பக்கம்தான். 5 மணிக்கு துவாஸில் நில்லுங்கள். செங்காங்கிலிருந்து உட்லண்ட்ஸ்தான் பக்கம். இருந்தாலும் துவாஸ் வழியே போனால் ஜோகூர் பாரு நகருக்குள் நுழையாமல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். வீட்டைவிட்டு இறங்குமுன் சோதனைச்சாவடிக் கேமரா படங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேரையும் அந்த ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் ஒரே குழுவாகப் பதிந்தால், 10 பேர்வரை ஒரே கியூஆர் குறியீட்டில் சிங்கப்பூர்ப் பக்கம் கடக்கலாம். மலேசியப் பக்கம் கடப்பிதழ் கேட்பார்கள், அதனால் ஆறையும் ஒரே பையில் முன்னிருக்கையில் வையுங்கள். முகத்தையோ விரல்ரேகையையோ பதிய மாமாவையும் மாமியையும் காரைவிட்டு இறங்கச் சொன்னால் பதறவேண்டாம்.

சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பாகத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் 500 வெள்ளிவரை போகலாம். முள் கோட்டின்மேல் நிற்கும்படி கணக்குப் போடாதீர்கள். வரிசையில் ஊர்ந்தே கொஞ்சம் குறையும். அங்கே போனபின் ரோன் 97 மட்டும் போடுங்கள். மலிவான ரோன் 95 மலேசியர்களுக்கு மானிய விலையில் தருவது, சிங்கப்பூர்ப் பதிவுக் கார்களுக்குத் தடை.

முதல் நாள் கோலாலம்பூர்வரை போதும், சுமார் 350 கிலோமீட்டர். காலை உணவுக்கு பாகோ ஓய்விடமோ ஆயர் கெரோ ஓய்விடமோ வசதி. மாமியின் முழங்காலுக்குக் குந்தும் கழிப்பறை ஆகாது. ஓய்விடங்களில் ஓகேயூ என்று எழுதியிருக்கும் உடற்குறையுள்ளோருக்கான கழிப்பறையில் உட்காரும் வசதியும் கைப்பிடியும் இருக்கும். யோங் பெங்கிலிருந்து ஆயர் கெரோவரை சாலை நேராகக் கிடக்கும். காலை வெளிச்சத்தில் அந்தப் பகுதியை நீங்கள் ஓட்டிப் பழகலாம், கணவருக்கும் கால் ஆறும். வேக வரம்பு பொதுவாக 110, சில இடங்களில் 90. பெருமழை கொட்டினால் 80க்குக் கீழே வாருங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் பிடிப்பை இழப்பது வேகத்தால்தான். மலையும் கோலாலம்பூர் நெரிசலும் கணவருக்கே இருக்கட்டும்.

தங்கும் இடத்தை நகர நடுவில் பிடிக்காமல் பத்துமலைக்கு அருகே செலாயாங், கோம்பாக் பக்கம் பிடியுங்கள். நீலாய் அருகே எலிட் நெடுஞ்சாலையில் பிரிந்து ஷா ஆலாம் வழியாகச் சுற்றி வந்தால் நகரத்தைத் தொடாமல் வடக்கே போய்விடலாம். மாலை 4 மணிக்குள் அறையில் இருந்தால் நல்லது. மறுநாள் 7 மணிக்கு பத்துமலை. மேற்குகைக்கு 272 படி, மாமி ஏறவேண்டியதில்லை. 2006இல் எழுந்த 42.7 மீட்டர் முருகன் சிலையும் கீழ்த்தளக் கோயில்களும் இராமாயணக் குகையும் தரைமட்டத்திலேயே இருக்கின்றன. ஒருவர் கீழே பெரியவர்களோடு இருக்க, மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறலாம். கையில் பிளாஸ்டிக் பையோ தின்பண்டமோ இருந்தால் குரங்கு பறித்துவிடும். நாலு வயதுக் குழந்தை பயந்துவிடுவான். முழங்காலை மூடும் உடை எல்லாருக்கும்.

9.30க்குள் கிளம்பி, கேமரன் மலைக்கு ஏற வடக்கே சிம்பாங் பூலாய் போய்விடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறான சாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும்போது தாப்பா முதலில் வரும், வழிகாட்டிச் செயலியும் பெரும்பாலும் அங்கேயே திருப்பும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக, மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்குப் போகும் பழைய சாலை தூரத்தில் குறைவு. ஆனால் குறுகியது, ஒன்றன்பின் ஒன்றாக வளைவு. மாமிக்கு அந்தச் சாலை வேண்டாம். இன்னும் 45 கிலோமீட்டர்போல நெடுஞ்சாலையில் மேலே போய், ஈப்போவுக்கு முன்னால் இருக்கும் சிம்பாங் பூலாயில் திரும்புங்கள். அங்கிருந்து ஏறும் சாலை அகலம், வளைவுகளும் நீளமாக, மெதுவாகத் திரும்பும். செயலியில் சிம்பாங் பூலாயை இடைநிறுத்தமாகப் போட்டுவிட்டால் அது உங்களைத் தாப்பாவில் இழுக்காது. ஏறுமுன் அங்கேயே பெட்ரோலை நிரப்பி, எளிதாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, 1 மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். மலையில் பிற்பகல் மழை வழக்கம். மழையோடு மூடுபனியும் இருட்டும் சேர்ந்தால் விளக்கில்லாத அந்தச் சாலையில் பழகாத கண்ணுக்கு ஓரக்கோடு தெரியாது. மண்சரிவால் சாலை மூடுவதும் உண்டு. முதல்நாள் இரவே ஹோட்டலுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுங்கள்.

வாந்திக்குக் காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. உடல் திரும்புவதை உள்காது உணர்கிறது, கண்ணோ காருக்குள் அசையாத இருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முரண்தான் குமட்டுகிறது. ஆகவே மாமியை முன்னிருக்கையில் உட்காரவைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயோ பின்னாலேயோ இருப்பதால் ஆட்டம் அதிகம். இரண்டாம் வரிசையில் இடப்பக்கச் சன்னலோரம் மாமா. அந்தக் கதவு சாலையோரமாகத் திறக்கும், இறங்க வசதி. நடுவில் நீங்கள், வலப்பக்கம் சின்னவரின் குழந்தை இருக்கை. மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடக்கிப் பெட்டிகளுக்கு விட்டு, மறுபாதியில் பெரிய பிள்ளை. ஏழு இருக்கையையும் நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு கைப்பைக்கு மேல் கொள்ளாது என்பது புறப்படும் நேரத்தில்தான் பலருக்குத் தெரியவரும். மலையேறும்போது பெரிய பிள்ளைக்கும் குமட்டினால் நீங்கள் பின்னால் போய் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லார் கையிலிருந்தும் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள்.

மாத்திரை கொடுப்பதானால் ஏறத் தொடங்குவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கொடுக்கவேண்டும். குமட்டத் தொடங்கியபின் கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை. டைமென்ஹைட்ரினேட் வகை மாத்திரைகள் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும், முழங்கால் வலிக்காரருக்கு அது விழும் ஆபத்து. மாமியின் மற்ற மருந்துகளையும் கண் அழுத்த நோய் உண்டா என்பதையும் சொல்லி மருந்தாளரிடம் கேட்டே வாங்குங்கள். குழந்தைக்கு அளவு வேறு. ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

மாமாவின் இன்சுலினைப் பெட்டியோடு பின்னால் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு சாப்பாட்டு நேரத்திலேயே மருந்து கெட்டுப்போகும் அளவுக்குச் சூடேறும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சிறிய குளிர்ப்பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டிப் பொதி நேரே படாமல் நடுவில் துணி வையுங்கள், உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். மருத்துவரின் மருந்துச்சீட்டும் கூடவே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் என்றால், தட்டு மேசைக்கு வந்தபின் போடட்டும். "பத்து நிமிடத்தில் ஓய்விடம் வந்துவிடும்" என்று காரிலேயே போட்டுவிட்டு நெரிசலில் சிக்கினால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸ் மிட்டாயும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். மருந்தகத்தில் கிடைக்கும் சிறுநீர்க் குப்பி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மாமா கூச்சப்படுவார், சோதனைச்சாவடி வரிசையில் அதற்கு நன்றி சொல்வார்.

மலைமேல் இரண்டு இரவு. செவ்வாய் ஏறினால் புதன் முழுநாள் கிடைக்கும். இரவில் 15, 16 பாகைக்கு இறங்கலாம். தஞ்சாவூர் உடம்புக்குக் கம்பளிச் சட்டை, காலுறை, காதுமூடி வேண்டும். அறை பிடிக்கும்போது மின்தூக்கி உண்டா, சுடுநீர் ஒழுங்காக வருமா, கூடுதல் போர்வை கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். தேயிலைத் தோட்டம் பார்க்க போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் போகும் சாலை ஒற்றையடிபோல ஒடுங்கியது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவேண்டும். காலை 9 மணிக்கே போய்விடுங்கள். அது வேண்டாம் என்றால் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் சாலையோரத்திலேயே இருக்கும் பாரத் தோட்டத் தேநீர்க்கடை பெரியவர்களுக்கு வசதி. படியேறாமல் மேசையிலிருந்தே சரிவு முழுவதும் தெரியும். பாசிக்காட்டை விட்டுவிடுங்கள். கியா ஃபார்ம் சந்தைக்கு மதியத்துக்கு மேல் போகாதீர்கள், அந்த ஒரே சாலையில்தான் எல்லா வண்டியும் நிற்கும்.

வியாழன் காலை 8 மணிக்கு இறங்குங்கள், வந்த வழியிலேயே. தாப்பா வழி இறங்கினால் தூரம் மிச்சம்தான், ஆனால் இறங்கும்போதுதான் மாமிக்கு இன்னும் மோசமாக இருக்கும். ஆறு பேர் பாரத்தோடு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் தட்டுகள் சூடேறிப் பிடிப்புக் குறையும், கருகல் வாடை வரும். தானியங்கி வண்டியில் எல், எஸ், 2 என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றி இஞ்சினையே வேகத்தைத் தடுக்கவிடுங்கள். ஹைபிரிட் என்றால் B என்று எழுதியிருக்கும் நிலை (வண்டியை நிறுத்தும் P அல்ல); நீண்ட இறக்கத்தில் மின்கலம் நிறைந்துவிட்டால் அதற்குமேல் மின்சக்தியாக மாற்றித் தடுக்க முடியாது என்பதால் அந்த நிலை அவசியம். டயர் காற்றழுத்தத்தை வீட்டிலேயே, வண்டி குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுப்பாரத்துக்கு எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றிவிடுங்கள். மாற்று டயரைப் பார்க்க மறக்காதீர்கள்.

அன்றைக்கு மலாக்காவரை 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பயணத்திலேயே நீளமான நாள். மாலை 4 மணிக்குப் போய்ச் சேரலாம். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறுவரைதான், வியாழனன்று அது கிடையாது; பதிலுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். பக்கத்துத் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், மலாக்கா செட்டிகளின் கோயில். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மலாய் பேசும் அந்தத் தமிழ் வழிவந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

வெள்ளி காலை 9 மணிக்கு மேல் கிளம்பினால் போதும். அதிகாலையில் வேலைக்கு வருவோர் கூட்டம் அதற்குள் கடந்திருக்கும், மதியவாக்கில் துவாஸ் வந்துவிடலாம். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததால் ஆளுக்கு 500 வெள்ளி மதிப்புவரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கு அந்தச் சலுகை இல்லை.

வீடு சேர்ந்ததும் மாமா, மாமிக்கு மின்னஞ்சலில் வரும் புதிய வருகை அனுமதியைத் திறந்து பாருங்கள். அவர்கள் முதலில் பெற்ற அனுமதி எல்லையைக் கடந்தபோதே முடிந்துவிட்டது, இந்த முறை எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது அதிகாரி. அவர்களுடைய ஊர் திரும்பும் விமானச்சீட்டு நகலைச் சாவடியிலேயே காட்டத் தயாராக வைத்திருப்பது நல்லது. அனுமதியில் உள்ள கடைசி நாள் விமான நாளுக்கு முன்பாக இருந்தால், அது முடியும்வரை காத்திருக்காமல் நீட்டிப்புக்கு உடனே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.